பூங்காவுக்கு யார் பெயர்?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எங்கள் அன்பியம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சக்கிரீஸ்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மனு. "ஃபாதர், நம்ம ஏரியா பூங்காவுக்கு அந்த அம்மா பேரை வைக்கச் சொல்லி மாநகராட்சிக்குக் கொடுக்கப் போறோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்" என்றார்.

அந்த அம்மாவைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எந்தப் பதவியிலும் இருந்தவர் அல்லர். குப்பத்துப் பெண்களுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். விதவை ஓய்வூதியத்துக்காக அவர்களோடு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பார். பிரசவ வலி கண்ட பெண்ணை நள்ளிரவிலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனைக்குப் போவார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, தன் வீட்டு அரிசியை முதலில் உலையில் போட்டவர்களில் அவரும் ஒருவர். குழந்தைகள் இல்லை. சென்ற ஆண்டு காலமானார்.

மனுவைப் படித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: "அவங்க நம்ம பங்கா?"

இளைஞர் சற்றுத் தயங்கினார். பிறகு பணிவாகவே சொன்னார்: "இல்ல ஃபாதர். ஆனா அந்த அம்மா யாரையும் அப்படிக் கேட்டதில்லை."

முப்பது ஆண்டுகளாக நல்ல சமாரியர் உவமையைப் பிரசங்கித்து வருபவன் நான். அன்று அந்த இளைஞர் எனக்குப் பிரசங்கித்தார். அந்த வெட்கத்தோடுதான் இந்தச் சிந்தனையை எழுதுகிறேன்.

பெயர்கள் மாறும் காலம்

இது எங்கள் பகுதிக்கு மட்டுமான கேள்வி அன்று. 2025 அக்டோபரில் தமிழக அரசு, தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள், குடியிருப்புகள் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணையை வெளியிட்டது. அது நீதிமன்றம் வரை சென்று விவாதமும் ஆனது. நோக்கம் நல்லது என்பதில் நமக்கு ஐயம் இருக்க முடியாது. திருச்சபையும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்படுவதற்கு முன்புதான், அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பட்டம் வத்திக்கானின் ஏடுகளில் நீக்கப்பட்டது. சாதியை உதறிவிட்டு எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்தவரின் பெயரில் சாதியைத் தொங்கவிட்டிருந்தோம் என்பது எவ்வளவு பெரிய முரண்!

ஒரு பெயரை எடுத்தால் வேறொன்றை வைத்தாக வேண்டும். யாருடைய பெயரை? வழக்கமான பதில் நமக்குத் தெரியும். பெருந்தலைவர்களின் பெயர்களே மீண்டும் மீண்டும் வரும். அவர்களுக்கு மரியாதை செய்வதில் தவறில்லை. ஆனால் ஒரே பெயரில் நூறு தெருக்கள் இருந்தால், தபால்காரருக்கும் சிரமம், அந்தப் பெயருக்கும் பெருமை இல்லை. அந்தந்தத் தெருவில் வாழ்ந்து, அந்தந்தத் தெருவுக்காக உழைத்தவர்களை நாம் எப்போது நினைப்பது?

நம்மைச் சுற்றியுள்ள பெயர்கள்

நாம் வாழும் ஊரின் பெயரையே பாருங்கள். வான்மீகி முனிவரின் பெயரால் அமைந்த ஊர் திருவான்மியூர் என்பது மக்கள் வழக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவே அவருக்கு ஒரு சிறு கோவில் இருக்கிறது. இரு பக்கமும் பேருந்துகள் பறக்கின்றன. அதைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அது யாருடைய கோவில் என்று தெரியும்?

அடுத்து நம் எல்.பி. ரோடு. அதன் அடையாறு பகுதிக்கு டாக்டர் முத்துலட்சுமி சாலை என்று பெயர். திருவான்மியூர் பகுதிக்குக் கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை என்று பெயர். ஆட்டோ ஓட்டுநரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார், "எல்.பி. ரோடு" என்றால் உடனே மீட்டரைத் தட்டுவார். முன்பொரு காலத்தில் இருந்த இரும்புப் பாலத்தின் ஆங்கிலப் பெயர், மனிதர்களின் பெயர்களை வென்று நிற்கிறது.

அந்த முத்துலட்சுமி யார்? 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, இந்தியாவிலேயே முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகச் சென்னை மாகாண சட்டசபைக்குச் சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954இல் உருவாக்கினார். இன்றும் கையில் மருத்துவச் சீட்டோடு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து வரும் ஏழைகள் அவர் பெயர் கொண்ட சாலை வழியாகத்தான் நடக்கிறார்கள். பலருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது.

பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நிற நினைவுச் சின்னத்தை எல்லாரும் பார்த்திருப்போம். திரைப்படங்களில் எத்தனையோ பாடல் காட்சிகள் அங்கே படமாகியிருக்கின்றன. கே.ஏ.ஜே. ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவர் 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற முயன்று, தாமே மூழ்கி இறந்த இடம் அது. வழக்கில் அவரைக் 'கார்ல் ஷ்மிட்' என்று தவறாகவே சொல்கிறோம். தன் நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதே மிகப் பெரிய அன்பு என்று நம் ஆண்டவர் சொன்னார். இவர் பிறருக்காகக் கொடுத்தார். அங்கே படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பூங்காக்கள்

பூங்காக்களுக்கு வருவோம். தியாகராய நகரில் நடந்துபோகும் தூரத்தில் இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. ஒன்று பனகல் பூங்கா. அது 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் தாங்கியது. மற்றொன்று வெங்கட்நாராயணா சாலையிலுள்ள நடேசன் பூங்கா.

டாக்டர் சி. நடேசன் ஒரு மருத்துவர். நீதிக்கட்சியின் வேர்களில் ஒருவர் என்றாலும் அவர் அமைச்சரானதில்லை. அவர் செய்த பெரிய காரியம் ஒரு மாணவர் விடுதி. நூறு ஆண்டுகளுக்கு முன் கிராமங்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதியின் காரணமாகத் தங்க இடமும் சோறும் கிடைக்காது. கல்லூரியில் இடம் கிடைத்தும் ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1916இல் நடேசன் திருவல்லிக்கேணியில் அவர்களுக்காக 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர். 1937இல் நடேசன் மறைந்தார்.

ஆட்சி செய்தவருக்கு ஒரு பூங்கா. விடுதி நடத்தியவருக்கு ஒரு பூங்கா. ஒரே நகரில் இருவருக்கும் இடம் கொடுத்த அந்தத் தலைமுறையின் மனதை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது, மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. 1516இல் கட்டப்பட்ட நம் பிரகாச மாதா ஆலயத்துக்குச் செல்பவர்கள் பலர் இதை அறிவார்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அம்ருதாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர். தலைவலி மருந்தில் வந்த பணத்தை அவர் பெட்டியில் பூட்டவில்லை. 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தினார். ஏழைகளும் வாங்கும் விலையில் தெலுங்கு நூல்களை அச்சிட்டார். நூலக இயக்கத்துக்கு உழைத்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். தெலுங்கு பேசிய ஒருவர் பெயரில் தமிழரின் மயிலாப்பூரில் பூங்கா இருப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அங்கே முதியவர்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஊஞ்சலாடுகிறார்கள், ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி நடக்கிறது. ஊருக்கு உழைத்தவர் எல்லாருக்கும் சொந்தம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

விவிலியம் சொல்லும் மூன்று பாடங்கள்

முதலாவது, எசாயா 56ஆம் அதிகாரம். பிள்ளைப்பேறு இல்லாதவர்களுக்குப் புதல்வர் புதல்வியரைவிட மேலான ஒரு நினைவுச் சின்னத்தையும் பெயரையும் தம் இல்லத்துக்குள் தருவதாக ஆண்டவர் வாக்களிக்கிறார். நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 1953இல் எருசலேமில் நிறுவப்பட்ட யாத் வாசேம் என்ற நினைவகத்தின் பெயர் இந்தப் பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டது. பெயர் சொல்லப் பிள்ளை இல்லாதவர்களை ஊர் மறக்கலாம், கடவுள் மறப்பதில்லை.

இரண்டாவது, மத்தேயு 23ஆம் அதிகாரம். இறைவாக்கினர்களின் கல்லறைகளை அலங்கரித்துக்கொண்டே, அவர்களைக் கொன்றவர்களின் வழியில் நடப்போரை இயேசு கடுமையாகச் சாடுகிறார். நினைவுச் சின்னம் எழுப்புவது எளிது. உயிரோடிருக்கும்போது அந்த மனிதரை நடத்திய விதம்தான் நம்மை நியாயந்தீர்க்கும். 2020 ஏப்ரல் 19 அன்று இந்தச் சென்னையில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கவிடாமல் கூட்டம் தடுத்தது. அண்ணா நகர் பக்கம் கொண்டுசென்றபோது ஆம்புலன்ஸ் மீது கல் எறிந்தார்கள். நண்பரான மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர்களோடு சேர்ந்து, தம் கைகளாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். 2021இல் உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகே கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய வழி பிறந்தது. நோயாளிக்கு வாழ்வைக் கொடுத்தவருக்கு ஆறடி மண் மறுத்த ஊர், பெயர்ப் பலகை வைக்கும்போது சற்றுத் தலை குனிந்தே வைக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்கு 14ஆம் அதிகாரம். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறார். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவர் செய்ததும் இவர் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் இயேசு. ஆனால் மாற்கு அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை! 2000 ஆண்டுகளாக அவருடைய செயலைப் படிக்கிறோம். நம் சாலைகளிலும் பூங்காக்களிலும் நிலைமை நேர் எதிராக இருக்கிறது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டோம், செயலை எங்கும் எழுதவில்லை. ஆண்டவர் காக்கச் சொன்னது செயலின் நினைவை. நாம் காப்பது எழுத்துக்களை மட்டும்.

பங்குப் பேரவையில்

மனுவைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேசினேன். நல்ல விவாதம் நடந்தது. ஒருவர் எழுந்து, "நம்ம அருள்சகோதரி ஒருத்தர் அத்தனை வருஷம் இலவச மருந்தகம் நடத்தினாங்களே ஃபாதர், கேட்கிறதா இருந்தா அவங்க பேரைக் கேட்போமே" என்றார். இன்னொருவர், "பூங்காவுல கழிப்பறைக்குப் பூட்டு, விளக்கு எரியல. பேர் மாத்தினா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்தச் சகோதரியின் தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பொதுப் பூங்கா என்பது நாம் நம் கொடியை ஊன்றும் இடம் அன்று. ஒரு சமூகம் தன் ஆளின் பெயரை வைக்க, அடுத்த சமூகம் போட்டிக்கு வேறொரு பெயரைக் கேட்க, கடைசியில் சேவை செய்தவர் சண்டைக்குக் காரணமாகிவிடுவார். நம் சகோதரியின் பெயரை, அவரிடம் மருந்து வாங்கிக் குணமான பிற சமயத்தவர்கள் வந்து கேட்கட்டும். அப்போது நாம் மகிழ்வோம். அதுபோல அந்த அம்மாவின் பெயரைக் கேட்கிறவர்களில் நாமும் இருப்போம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், நம் அடுத்த வீட்டிலேயே வாழும் புனிதர்களைக் கண்டுகொள்ள அழைத்தார். அடுத்த வீட்டுக் கதவில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போகச் சொல்லவில்லை.

இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. பெயர் வைப்பதால் விளக்கு எரியாது. ஆனால் பெயர் வைப்பவர்கள் விளக்கு எரிய வைக்கலாம். குழந்தை இல்லாத ஒருவரின் பெயரை ஊர் ஏற்கும்போது ஊரே அவருக்கு வாரிசாகிறது. வாரிசு என்பவர் சொத்தை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. கடனையும் கடமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

பெயரும் பணியும் சேர்ந்து போவது நடக்காத காரியமும் அன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் சாலையில் மங்கியிருக்கலாம். ஆனால் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அவர் பெயர்தான். ஏழைக் கர்ப்பிணிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அவர் பெயரில் செல்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில், புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு வெபர் அடிகள், இளைஞர்களை விளையாட்டில் பயிற்றுவிப்பதையே தம் தொண்டாகக் கொண்டிருந்தார். அந்த ஊரின் பொது விளையாட்டரங்கம் இன்று வெபர் அரங்கம். அவர் செய்த வேலை அவர் பெயர் கொண்ட மண்ணிலேயே தொடர்கிறது. இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் எது?

மனுவில் சேர்த்தவை

ஆகவே அந்த இளைஞர்களை அழைத்துப் பேசினேன். அவர்களும் ஏற்றுக்கொண்டு மனுவைத் திருத்தி எழுதினார்கள்.

முதலில், அவசரம் வேண்டாம். ஒருவரைப் புனிதராக்கும் பணியைத் தொடங்கவே, இறந்து குறைந்தது 5 ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது திருச்சபையின் பொது விதி. கண்ணீர் காய்ந்த பிறகும் நினைவு நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பூங்காவுக்கு அத்தனை ஆண்டுகள் தேவையில்லை. ஆனால் அவரால் பயனடைந்தவர்களின் சாட்சியங்களை இப்போதே எழுதி வாங்க வேண்டும். சாட்சிகளுக்கும் வயதாகிறது.

இரண்டாவது, இதைத் தனி அறையில் முடிக்காமல் மக்கள் முன் வைக்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாதிருந்தது. இப்போது மாமன்றமும் இருக்கிறது, வார்டுகளில் பகுதி சபைகளுக்கும் வழி இருக்கிறது. அங்கே எல்லாரும் பேசட்டும். எதிர்ப்பவர்களும் பேசட்டும்.

மூன்றாவது, பலகையில் பெயருக்குக் கீழே அவர் என்ன செய்தார் என்று நான்கு வரிகள் இருக்க வேண்டும். திறந்து வைத்தவர்களின் பெயர்கள் அதைவிடச் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.

நான்காவது, யாருக்காக அவர் நடந்தாரோ அவர்களுக்குப் பூங்கா மூடியிருக்கக் கூடாது. காலையில் நடைப்பயிற்சி செய்வோருக்குத் திறந்து, வீட்டு வேலை முடித்து மதியம் சற்று உட்கார வரும் பெண்ணுக்குப் பூட்டியிருந்தால், அது அவர் பூங்கா அன்று. கழிப்பறை, குடிநீர், விளக்கு ஆகிய மூன்றையும் மனுவில் எழுதச் சொன்னேன்.

ஐந்தாவது, மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பூங்காவில் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்க எங்கள் இளைஞர் குழு முன்வந்திருக்கிறது. பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது நடக்கும். சென்ற சனிக்கிழமை முதல் முறையாக நடந்தது. பதினோரு பேர் வந்தார்கள். ஒரு பாட்டி, ஆதாரில் தன் பிறந்த வருடம் தவறாக இருப்பதால் ஓய்வூதியம் வரவில்லை என்று அழுதார். அவரோடு இ-சேவை மையத்துக்கு யார் போவது என்று இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனுவைக் கொண்டுவந்த இளைஞர்தான் எழுந்து போனார்.

மனு இன்னும் மாமன்றத்துக்குப் போகவில்லை. அதனால்தான் அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. உறவினர்களின் ஒப்புதலும் வர வேண்டும். நான் கையெழுத்திட்டுவிட்டேன். பங்குத்தந்தை என்று அல்ல, இப்பகுதிவாசி என்று.

சிந்தனைக்கு

1. நான் வாழும் தெருவின் பெயருக்குரியவர் யார்? அவர் செய்தது என்ன? என் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேனா?

2. ஒருவரின் நற்பணியைக் கேள்விப்படும்போது, "அவர் நம்மவரா?" என்ற கேள்வி என் மனதில் முதலில் எழுகிறதா?

3. இன்று நம் பகுதியில் சத்தமின்றி உழைத்துக்கொண்டிருப்பவர் யார்? அவர் உயிரோடிருக்கும்போதே நாம் செய்யக்கூடிய உதவி என்ன?

செபிப்போம்

எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, பெயரும் புகழும் தேடாமல் உம் ஏழைகளுக்காக நடந்து தேய்ந்த கால்களுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். அவர்களுடைய பெயர்களை நாங்கள் மறந்தாலும் உம் உள்ளங்கையில் அவை பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் விட்டுச்சென்ற வேலையை எடுத்துச் செய்ய எங்களுக்கு மனதும் கைகளும் தாரும். ஆமென்.